முகம் தெரியும் நேரம்

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் எதிர்வீட்டில் ஒரு டீச்சரம்மா குடியிருந்தார். கத்தோலிக்கர். மார்கழி பிறந்ததும் அவர் வீட்டுத் திண்ணையில் வைக்கோலும் களிமண்ணுமாக ஒரு மாட்டுத் தொழுவம் எழும்பும். கிறிஸ்துமஸ் இரவில் அதில் குழந்தை வந்து படுத்துவிடும். ஆனால் மூன்று ராஜாக்களும் அவர்களுடைய ஒட்டகமும் மட்டும் வெகு தூரத்தில், திண்ணையின் மறுகோடியில், தூணோரமாக நின்றுகொண்டிருப்பார்கள். தினம் ஒரு சாண் அவர்களை நகர்த்தி வைப்பது டீச்சரம்மாவின் வழக்கம். ஜனவரி 6-ஆம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளன்றுதான் அவர்கள் தொழுவத்தை வந்து அடைவார்கள்.

"ஏன் டீச்சர் இவ்வளவு மெதுவாக வருகிறார்கள்? ராஜாக்கள்தானே?" என்று நான் கேட்டேன்.

"ஒட்டகத்துக்குப் பின்னால் நடந்து வருகிற ஆட்களும் இருப்பார்களே, தம்பி. அவர்களை விட்டுவிட்டு ராஜா மட்டும் வந்துவிட முடியுமா?" என்றார் டீச்சரம்மா.

அப்புறம் ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழியும். ஒரு புதன்கிழமை காலையில் அவர் நெற்றியில் சாம்பலுடன் கோயிலிலிருந்து திரும்புவார். "என்ன அக்கா, உங்களுக்கும் விபூதியா?" என்று என் தாயார் வாசலில் நின்று கேட்பார். "இன்றைக்கு விபூதிப் புதன் அல்லவா? ஒருசந்தி ஆரம்பம்" என்பார் அவர். ஏகாதசிக்கு ஏகாதசி ஒரு பொழுது இருக்கும் என் தாயாருக்கு நாற்பது நாள் விரதம் என்றால் மலைப்பாக இருக்கும். "ஞாயிற்றுக்கிழமையெல்லாம் கணக்கில் சேராது, தங்கச்சி" என்று டீச்சரம்மா சமாதானம் சொல்லுவார்.

இந்தக் கணக்கையெல்லாம் யார் போட்டார்கள், எப்போது போட்டார்கள் என்ற கேள்வி அன்றே என் மனத்தில் விழுந்திருக்க வேண்டும். அதற்குப் பதில் கிடைத்தது பல வருஷங்களுக்குப் பிறகுதான். சென்னையில் மூர் மார்க்கெட் இருந்த நாளில், பழைய புத்தகக் குவியலிலிருந்து அட்டை கிழிந்த ஓர் ஆங்கிலப் புத்தகத்தை எடுத்தேன். ஏதோ யாத்திரைப் புத்தகம் என்று நினைத்து வாங்கினேன். யாத்திரைப் புத்தகந்தான். ஆனால் எழுதியவர் ஒரு ஸ்திரீ. எழுதியது நாலாம் நூற்றாண்டில். அன்று இரவு நான் எழுதிக்கொண்டிருந்த தொடர்கதை அத்தியாயத்தை அப்படியே விட்டுவிட்டு அந்தப் புத்தகத்தைப் படித்து முடித்தேன்.

1884-ஆம் ஆண்டில் இத்தாலி தேசத்து அரெட்ஸோ நகரில், கமுர்ரீனி என்ற அறிஞர் ஒரு பழைய நூல்நிலையத்தில் தோல் ஏட்டுச் சுவடி ஒன்றைக் கண்டெடுத்தார். பதினோராம் நூற்றாண்டில் மோன்டே காஸினோ மடத்தில் படி எடுக்கப்பட்ட சுவடி அது. முன்னால் ஏடுகள் இல்லை, பின்னால் இல்லை, நடுவிலும் சில விழுந்துவிட்டன. எழுதியவர் பெயரே இல்லை. யாரோ ஒரு பெண்மணி, ஊரில் இருக்கும் தன் சகோதரிகளுக்குக் கொச்சை லத்தீனில் எழுதிய நீண்ட கடிதம் என்பது மட்டும் தெரிந்தது. ஸில்வியா என்ற சீமாட்டியாக இருக்கலாம் என்று கமுர்ரீனி நினைத்தார். 1903-இல் பெரோத்தின் என்ற துறவி வேறொரு துப்பைப் பிடித்தார். ஸ்பெயின் தேசத்தில் ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த வலேரியஸ் என்னும் சந்நியாசி, மேற்குச் சமுத்திரக் கரையிலிருந்து புறப்பட்டுப்போன ஒரு பெண் யாத்திரிகையைப் புகழ்ந்து எழுதியிருந்தார். அந்தப் புகழ்ச்சியும் இந்தச் சுவடியும் ஒன்றுக்கொன்று பொருந்தின. அந்த அம்மையாரின் பெயர் எகேரியா. 1967-இல் தேவோஸ் என்ற அறிஞர் நாள் கணக்கையெல்லாம் ஒத்திட்டுப் பார்த்து, அவர் கிழக்கே இருந்தது 381 முதல் 384 வரை என்று நிர்ணயித்தார்.

கன்னியர் மடத்தைச் சேர்ந்தவர் என்று சிலரும், பணமும் துணிச்சலும் உள்ள சீமாட்டி என்று சிலரும் சொல்லுகிறார்கள். எப்படியானாலும் கால் வலுவுள்ள பெண்மணி. சினாய் மலைமீது நடந்தே ஏறியிருக்கிறார். எருசலேமிலிருந்து இருபத்தைந்து தங்கல் பிரயாணம் செய்து, இப்போது துருக்கியில் இருக்கும் எடெஸ்ஸா நகரத்துக்குப் போயிருக்கிறார். எதற்கு? அங்கே இருந்த தோமையார் சமாதியைத் தரிசிப்பதற்கு. நம் மயிலாப்பூரில் கல்லறை வைத்து வணங்கப்படும் அதே தோமையார்தான். அவருடைய எலும்புகளை இந்தியாவிலிருந்து ஒரு வியாபாரி எடெஸ்ஸாவுக்குக் கொண்டுபோனான் என்பது அந்தப் பக்கத்துப் பழைய நம்பிக்கை. ஆக, எகேரியா அம்மையார் நமக்கு முற்றிலும் அந்நியர் அல்ல என்று சொந்தம் கொண்டாட ஒரு நூல் இழை இருக்கிறது.

ஆனால் அந்தக் கடிதத்தின் அருமை மலையிலும் சமாதியிலும் இல்லை. எருசலேமில் ஒரு வருஷத்துத் திருநாட்கள் எப்படி நடந்தன என்று, அதுவும் ஜனவரித் திருநாளும் அதற்குப் பின்வரும் தபசுக் காலமும் எப்படி நடந்தன என்று, கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்து எழுதியிருக்கிறாரே, அதில் இருக்கிறது. சபைச் சட்டங்கள் எது நடக்க வேண்டும் என்று சொல்லும். இந்த அம்மையார் எது நடந்தது என்று சொல்லுகிறார். சரித்திரக்காரர்கள் முதலாவதை மதிப்பார்கள். கதை எழுதுகிறவன் என்ற முறையில் என் வாக்கு இரண்டாவதுக்குத்தான்.

ஜனவரி 6-ஆம் தேதித் திருநாளுக்குக் கிரேக்க மொழியில் "எபிபானி" என்று பெயர். வெளிப்படுதல், பிரசன்னமாகுதல் என்று பொருள். அந்தக் காலத்தில் அது ஊருக்கு ஒரு திருநாளாக இருந்தது. எகிப்திலும் கிழக்கிலும் பல இடங்களில் இயேசு யோர்தான் நதியில் ஞானஸ்நானம் பெற்ற நாள். மேற்கே கீழ்த்திசை ஞானிகள் வந்து வணங்கிய நாள். (அவர்கள் மூன்று பேர் என்றோ, ராஜாக்கள் என்றோ சுவிசேஷத்தில் இல்லை, டீச்சரம்மாவிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வந்ததில்லை.) எருசலேமிலோ அதுதான் பிறந்த நாளே. டிசம்பர் 25-ஐ ரோமாபுரி நாலாம் நூற்றாண்டின் நடுவிலேயே கொண்டாடிக்கொண்டிருந்தும், எருசலேம் ஆறாம் நூற்றாண்டு வரையில் பிடிவாதமாக ஜனவரி 6-ஐ விடவில்லை. அர்மீனியர்கள் இன்றும் விடவில்லை.

அந்தத் திருநாள் எவ்வளவு பெரியதாகிவிட்டிருந்தது என்பதற்கு ஒரு வேடிக்கையான அத்தாட்சி உண்டு. 361-ஆம் வருஷம் ஜனவரி மாதம். ரோம சாம்ராஜ்யத்தில் ஜூலியன் என்ற இளவரசன் பெரியப்பன் மகனாகிய சக்கரவர்த்திக்கு எதிராகக் கிளம்பிவிட்டான். உள்ளுக்குள் அவன் பழைய தெய்வங்களை வணங்குகிறவன். ஆனாலும் கால் தேசத்தில் வியென் நகரத்துக் கோயிலில் எபிபானித் திருநாள் வழிபாட்டுக்குப் போய் எல்லோரும் பார்க்கும்படி நின்றுவிட்டு வந்தான். அம்மியானஸ் என்ற சரித்திராசிரியர் இதை எழுதிவைத்திருக்கிறார். ஜனங்களின் நல்லெண்ணம் வேண்டுமானால் தலைகாட்டியே தீரவேண்டிய திருநாளாக அது ஆகிவிட்டிருந்தது. அரசியல்வாதிகள் கோயிலுக்குப் போவது புதிய பழக்கம் அல்ல.

இனி எகேரியா அம்மையாருக்கு வருவோம். ஜனவரி 5-ஆம் தேதி இரவு எருசலேமின் பிஷப்பும் ஜனங்களும் பெத்லகேமில் கூடுகிறார்கள். குகைக்கு மேல் கட்டிய கோயிலில் இரவு வழிபாடு நடக்கிறது. அதை அவர் எப்படி எழுதியிருந்தார் என்று படிக்க ஆவலோடு பக்கத்தைத் திருப்பினால், ஏடு இல்லை! விழுந்துபோன ஏடுகளில் அதுவும் ஒன்று. மறுபடியும் சுவடி தொடங்கும்போது ஜனங்கள் பெத்லகேமைவிட்டுப் புறப்பட்டுப் பாடிக்கொண்டே எருசலேமுக்குத் திரும்பி நடந்துகொண்டிருக்கிறார்கள். நடுநிசி தாண்டிய இருட்டு. ஏழெட்டு மைல் இருக்காது. ஆனாலும் ஊர்வலம் விரைந்து போகவில்லை. கால்நடையாக வரும் துறவிகள் இருக்கிறார்கள், அவர்களுக்காக மெதுவாகப் போகவேண்டியிருக்கிறது என்று காரணம் சொல்லுகிறார். எருசலேமைச் சேருகிற நேரத்தையும் குறிக்கிறார். பகல் வெளிச்சம் வருவதற்குச் சற்று முன்பு, ஆளுக்கு ஆள் முகம் அடையாளம் தெரியத் தொடங்கும் நேரமாம்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். திண்ணைக் கோடியில் நின்ற ஒட்டகமும், பின்னால் நடந்து வருகிற ஆட்களும் என் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

ஊருக்குள் வந்ததும் நேரே கல்லறைக் கோயிலுக்குப் போகிறார்கள். அனஸ்தாஸிஸ், அதாவது உயிர்த்தெழுதல் என்று அதற்குப் பெயர். உள்ளே எண்ணற்ற விளக்குகள் எரிகின்றன. ஒரு சங்கீதம், ஒரு ஜெபம், பிஷப்பின் ஆசீர்வாதம். பிறகு பிஷப் தம் வீட்டுக்கும் ஜனங்கள் தங்கள் வீட்டுக்கும் சற்றுக் கண்ணயரப் போகிறார்கள். துறவிகள் மட்டும் விடியும் வரையில் பாடிக்கொண்டிருக்கிறார்கள். காலை எட்டு மணி சுமாருக்கு எல்லோரும் பக்கத்திலிருக்கும் பெரிய கோயிலில் கூடுகிறார்கள்.

கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி கட்டி, 335-இல் பிரதிஷ்டையான கோயில் அது. அன்றைய அலங்காரத்தைச் சொல்லும்போது அம்மையார் திக்குமுக்காடிப் போகிறார். பொன், இரத்தினம், பட்டு இவற்றைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லையாம். திரைச்சீலைகள் எல்லாம் பொன்சரிகைப் பட்டு. பாத்திரங்கள் பொன்னும் மணியும். மெழுகுவர்த்திகளும் விளக்குகளும் எத்தனை, என்ன நிறை என்று யார் கணக்கிட முடியும் என்று கேட்கிறார். எட்டு நாள் இந்தக் கோலாகலம்.

அவர் எழுதாமல் விட்ட ஒரு கதையை இங்கே நான் சொல்லியாக வேண்டும். அவர் பார்த்த பிஷப்பின் பெயரை அவர் எங்கும் குறிப்பிடவில்லை. காலக் கணக்குப்படி அவர் சிரில் என்பவர். 350-ஐ ஒட்டி அந்தப் பதவிக்கு வந்தவர்; மூன்று முறை நாடு கடத்தப்பட்டு, கடைசியாக 378-இல் திரும்பி வந்த கிழவர். முதல் தடவை அவரைப் பதவி நீக்கியபோது சாட்டிய குற்றங்களில் ஒன்றை ஸோஸோமன் என்ற சரித்திராசிரியர் சொல்லுகிறார். எருசலேம் பக்கத்தில் பஞ்சம் வந்தது. ஏழை ஜனங்கள் சோற்றுக்கு இல்லாமல் பிஷப்பைத் தேடி வந்தார்கள். கையில் பணம் இல்லை. கோயிலின் விலையுயர்ந்த பொருள்களையும் திரைச்சீலைகளையும் அவர் ரகசியமாக விற்றுவிட்டார். அதற்குப் பிறகு, கோயிலுக்குத் தான் காணிக்கையாகக் கொடுத்த துணியை ஒரு கூத்துக்காரி உடுத்தியிருப்பதை ஒரு மனிதன் பார்த்தான்! விடுவானா? எங்கே வாங்கினாய் என்று துருவிக்கொண்டே போய், வியாபாரியைப் பிடித்து, வியாபாரிக்கு விற்றவர் பிஷப் என்று கண்டுபிடித்துவிட்டான்.

சிரிலுக்குப் பகை வேறு காரணங்களாலும் இருந்தது. பக்கத்துச் செசரியா நகரத்துப் பிஷப்புக்கும் அவருக்கும் பதவிப் போட்டி, தத்துவச் சண்டை. ஆனாலும் குற்றச்சாட்டு என்று எழுதும்போது இந்தப் பட்டுத்துணிதான் கைக்கு அகப்பட்டது. எகேரியா அம்மையார் வாயைப் பிளந்துகொண்டு பார்த்த பட்டுத் திரைகளுக்கு நடுவில் நின்று ஆசீர்வாதம் கொடுத்த கிழவர், அப்படிப்பட்ட திரைகளை ஒரு காலத்தில் அரிசிக்கு, அதாவது அந்த ஊரில் கோதுமைக்கு, மாற்றினவர். திருநாளன்று அந்தத் திரைகளைப் பார்க்கும்போது அவர் மனத்தில் என்ன ஓடியிருக்கும்? நாவல் எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. பதில் எழுத எனக்குத் துணிவில்லை.

ஜனவரி 6-க்கு நாற்பதாம் நாள், குழந்தையைத் தேவாலயத்துக்கு எடுத்துப் போனதை நினைத்து ஒரு திருநாள். அதற்குப் பிறகு சில வாரங்களில் தபசுக் காலம் வந்துவிடுகிறது.

நாற்பது நாள் என்ற எண் அப்போது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 325-இல் நைசியா நகரில் கூடிய மகாசபையின் சட்டம் ஒன்றில், வேறு ஏதோ கூட்டத்துக்கு நாள் குறிக்கும்போது, நாற்பது நாளுக்கு முன்பு என்று அது போகிற போக்கில் வருகிறது. 340-ஆம் வருஷத்தை ஒட்டி அலெக்ஸாண்ட்ரியா பிஷப் அதனேசியஸ் எகிப்துக்கு எழுதிய கடிதத்தில், உலகமெல்லாம் விரதம் இருக்கும்போது நாம் மட்டும் இல்லாவிட்டால் மற்றவர்கள் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று உறுத்துகிறார். பக்திக்கு இதுவும் ஒரு தூண்டுகோல்!

எண் ஒன்றாக இருந்ததே தவிர, எண்ணுகிற முறை ஊருக்கு ஊர் வேறு. ஐந்தாம் நூற்றாண்டில் சாக்ரடீஸ் என்று ஒரு சரித்திராசிரியர் இருந்தார். (விஷம் குடித்த ஞானி அல்ல, அவருக்கு எண்ணூறு வருஷம் பிந்தியவர்.) சிலர் மூன்று வாரம் இருக்கிறார்கள், சிலர் ஆறு வாரம், சிலர் ஏழு வாரம், ஆனால் எல்லோரும் அதை நாற்பது என்றே சொல்லுகிறார்களே என்று அவர் வியக்கிறார். சாப்பாட்டிலும் அப்படித்தான். சிலர் உயிருள்ள எதையும் தொடுவதில்லை. சிலர் மீன் மட்டும் சாப்பிடுகிறார்கள். சிலர் மீனோடு கோழியும் சாப்பிடுகிறார்கள். ஏனென்றால் ஆதியில் பறவைகளும் தண்ணீரிலிருந்துதான் உண்டாயின என்று மோசே எழுதியிருக்கிறாராம். விரதத்தில் சந்து கண்டுபிடிப்பதில் நம்மவர்கள்தான் சமர்த்தர்கள் என்று நான் எண்ணியிருந்தேன். ஏகாதசியன்று அடையும் அவலும் உள்ளே போகும் வழியை அறிந்தவன் நான். சாக்ரடீஸைப் படித்த பிறகு கர்வம் அடங்கிவிட்டது.

எருசலேமில் எட்டு வாரம். சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் விரதம் கிடையாது. வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் எட்டு வாரத்துக்கு நாற்பது. பாஸ்குத் திருநாளுக்கு முந்திய சனிக்கிழமை மட்டும் விரதம். ஆக நாற்பத்தொன்று என்று எகேரியா அம்மையார் கூட்டிக் காட்டுகிறார். ஊரிலிருக்கும் சகோதரிகள் விரல்விட்டு எண்ணிப் பார்ப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

என்ன சாப்பிட்டார்கள்? ரொட்டி இல்லை. எண்ணெய் இல்லை. மரத்தில் காய்க்கும் எதுவும் இல்லை. தண்ணீரும், கொஞ்சம் மாவுக் கஞ்சியும். சிலர் ஞாயிற்றுக்கிழமை உண்டால் அடுத்தபடி சனிக்கிழமை காலையில்தான் வாயில் ஏதாவது போடுவார்கள். வாரக்காரர்கள் என்று அவர்களுக்குப் பெயர். அவ்வளவு முடியாதவர்கள் நடுவில் வியாழக்கிழமை ஒருவேளை உண்பார்கள். அதுவும் முடியாதவர்கள் இரண்டு நாளைக்கு ஒருமுறை. அதுவும் முடியாதவர்கள் தினம் மாலையில்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு அம்மையார் ஒரு விஷயத்தைச் சேர்க்கிறார். இத்தனைதான் செய்யவேண்டும் என்று யாரும் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை; அவரவர் சக்திக்கு ஏற்றபடி செய்கிறார்கள்; அதிகம் செய்தவனுக்குப் புகழ்ச்சியும் இல்லை, குறைவாகச் செய்தவனுக்கு இகழ்ச்சியும் இல்லை. அந்த ஊர் வழக்கம் அப்படி என்கிறார்.

நான் பெரிய விரதக்காரர்கள் சிலரோடு பழகியிருக்கிறேன். ஒரு வீட்டில் ஒருவர் பட்டினி கிடந்தால் அந்த வீட்டில் மற்றவர்கள் குற்றவாளிகளைப்போல அடுக்களையில் ஒளிந்து சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆகையால் இந்தச் செய்தியை முதலில் நம்பவில்லை. யாத்திரை போனவர்களுக்குப் போன ஊரெல்லாம் பொன்னாகத் தெரியும் என்று ஒதுக்கினேன். ஆனால் இன்னொரு சிறு விவரம் என்னை மாற்றியது. சனிக்கிழமை காலைப் பூசையைச் சூரியோதயத்துக்கு முன்பே முடித்துவிடுவார்களாம். ஏன்? அந்த வாரக்காரர்கள் ஐந்து நாளாகச் சாப்பிடவில்லை அல்லவா? அவர்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போய் வாய் நனைக்கட்டும் என்று. இதைப் போன்ற விவரத்தைப் பக்தி மயக்கத்தில் யாரும் கற்பனை செய்து எழுதமாட்டார்கள்.

பாஸ்கு இரவில் ஞானஸ்நானம் பெறப்போகிறவர்களுக்கு இந்த எட்டு வாரத்தில் ஏழு வாரம் பள்ளிக்கூடம். பெயர் பதிகிற நாளைப் பற்றி அம்மையார் எழுதியிருப்பது நல்ல நாடகக் காட்சி. பெரிய கோயிலின் நடுவில் பிஷப்புக்கு நாற்காலி. இருபுறமும் குருமார். ஒவ்வொருவராக வருகிறார்கள்; ஆணானால் ஞானத்தந்தையுடன், பெண்ணானால் ஞானத்தாயுடன். பிஷப் அவர்களைக் கேட்பதில்லை. அண்டை அயலாரைக் கேட்கிறார்! இவன் நடத்தை எப்படி? தாய் தகப்பனை மதிக்கிறானா? குடிகாரனா? பொய் சொல்லுகிறவனா? சாட்சிகள் சரி என்றால் தம் கையாலேயே பெயரை எழுதிக்கொள்கிறார். இல்லை என்றால், போய்த் திருந்திக்கொண்டு வா என்று அனுப்பிவிடுகிறார். வெளியூர்க்காரனுக்குத்தான் கஷ்டம், அவனை அறிந்த சாட்சி யார் இருக்கிறார்கள் என்று அம்மையார் பரிதாபப்படுகிறார். நம் தெருவில் இந்தப் பரீட்சை வைத்தால் எத்தனை பேர் தேறுவோம் என்று யோசித்தேன். டீச்சரம்மாவைத் தவிர வேறு பெயர் உடனே தோன்றவில்லை.

பிறகு தினம் காலையில் மூன்று மணி நேரம் பாடம். ஆதியாகமத்திலிருந்து தொடங்கி வேதம் முழுவதும். சிரில் இளமையில் இப்படி நடத்திய பாடங்கள் நம் கைக்கு வந்திருக்கின்றன, கேட்டவர்கள் எழுதிவைத்துக்கொண்டவை. முன்னுரையாக ஒன்று, அப்புறம் பதினெட்டு. அதில் ஓரிடத்தில், முறைக்காகக் காத்திருக்கும் நேரத்தில் பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து படிக்கட்டும், ஆனால் உதடு அசையலாமே தவிரச் சத்தம் கேட்கக் கூடாது என்கிறார். பள்ளிக்கூடம் நடத்தியவர்களுக்கு இந்தக் கவலை புரியும்.

பாஷை விஷயம் இன்னும் சுவையானது. பிஷப்புக்குச் சுரியானி தெரியும். ஆனால் பேசுவது எப்போதும் கிரேக்கத்தில்தான். ஊர் ஜனங்களில் ஒரு பகுதியினருக்குக் கிரேக்கம் தெரியாது. ஆகவே பக்கத்தில் ஒரு குரு நின்று ஒவ்வொன்றையும் சுரியானியில் சொல்லிக்கொண்டே வருகிறார். இரண்டும் தெரியாத லத்தீன்காரர்கள் இருக்கிறார்களே, எகேரியா அம்மையாரைப் போல? அவர்கள் மனம் தளர்ந்துவிடக் கூடாது என்று, இரண்டும் அறிந்த சகோதரர்களும் சகோதரிகளும் அவர்களுக்கு லத்தீனில் எடுத்துச் சொல்லுகிறார்கள். கிரேக்கம் உயர்ந்த பாஷை, மற்றவை தாழ்வு என்ற எண்ணம் அந்தப் பிஷப்பின் பீடத்தில் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பீடத்தின் பக்கத்தில் நின்ற அந்தப் பெயர் தெரியாத குருவுக்குத்தான் என் நமஸ்காரம்.

கடைசி வாரம் வருகிறது. குருத்தோலை ஞாயிறன்று பிற்பகல் எல்லோரும் ஒலிவ மலைமேல் கூடி, மாலையில் நடந்து இறங்குகிறார்கள். நடக்கத் தெரியாத குழந்தைகள் பெற்றோர் தோளில். எல்லாக் குழந்தைகள் கையிலும் குருத்தோலை அல்லது ஒலிவக் கிளை. பெரிய இடத்துப் பெண்கள், பெரிய மனிதர்கள், யாராயிருந்தாலும் நடைதான். ஜனங்கள் களைத்துவிடக் கூடாது என்று மெள்ள மெள்ளப் போகிறார்கள்; கோயிலைச் சேரும்போது இருட்டிவிடுகிறது.

வியாழன் இரவு முழுவதும் மலையில். வெள்ளி விடிவதற்கு முன் கெத்செமனேத் தோட்டத்துக்கு இறங்குகிறார்கள். மறுபடியும் அதே நடை. செங்குத்தான மலைச்சரிவு, இராத்தூக்கம் இல்லை, எத்தனையோ நாளாக விரதம், கூட்டத்தில் பச்சைக் குழந்தைகள். பிஷப்பும் அவர்களோடு மெதுவாக இறங்குகிறார். ஜனங்களுக்கு வழி தெரிவதற்காக இருநூறுக்கும் மேற்பட்ட கோயில் மெழுகுவர்த்திகள். தோட்டத்தில் இயேசு பிடிபட்ட பகுதியைப் படிக்கும்போது எழுகிற அழுகை ஊர்வரைக்கும் கேட்கும்போலிருக்கிறதாம்.

அங்கிருந்து நகர வாசலுக்கு வந்து சேருகிறார்கள். எத்தனை மணிக்கு? ஆளுக்கு ஆள் முகம் அடையாளம் தெரியத் தொடங்கும் நேரத்துக்கு!

ஆம், ஜனவரியில் பெத்லகேமிலிருந்து திரும்பியபோது சொன்ன அதே நேரம். தண்ணீரின் அளவைக் கொண்டு நாழிகை காட்டும் கருவிகள் அந்தக் காலத்தில் இருந்தன. அம்மையாரும் மற்ற இடங்களில் இரண்டாம் மணி, ஆறாம் மணி என்றெல்லாம் ஒழுங்காக எழுதுகிறவர்தான். இந்த இரண்டு இடத்தில் மட்டும் பக்கத்தில் நடந்து வந்தவர்களின் முகத்தைக் கொண்டு நேரம் சொல்லுகிறார். இரவெல்லாம் யாரோடு நடந்தோம் என்று தெரியாமல் நடந்து, ஊர் வாசலில் வந்து, ஓ, நீயா, என்று திரும்பிப் பார்த்த ஒருத்திதான் இப்படி எழுத முடியும்.

அன்று காலையில் பிஷப் அவர்களுக்கு ஆறுதல் சொல்லி, இரவெல்லாம் பாடுபட்டீர்கள், போய்ச் சற்று உட்கார்ந்துவிட்டு வாருங்கள் என்று வீட்டுக்கு அனுப்புகிறார். எட்டு மணிக்கு மறுபடியும் கூட்டம். சிலுவை மரத்தின் துண்டை லினன் துணி விரித்த மேஜைமேல் வைத்து, பிஷப் இரு முனையையும் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்கிறார். சுற்றிலும் காவல். ஜனங்கள் ஒவ்வொருவராகக் குனிந்து நெற்றியாலும் கண்ணாலும் ஒற்றி, முத்தமிட்டுப் போகிறார்கள். கையால் தொடக் கூடாது. இவ்வளவு காவல் எதற்கு? முன்பு ஒருவன் முத்தமிடுகிற பாவனையில் ஒரு துண்டைப் பல்லால் கடித்துக்கொண்டு போய்விட்டானாம்! கூட்டம் என்றால் எல்லாவித மனிதரும் இருப்பார்கள்.

அன்று இரவு கல்லறைக் கோயிலில் கண் விழிப்பு உண்டு. ஆனால் வாருங்கள் என்று யாரும் கூப்பிடுவதில்லை. முந்தின நாளிலிருந்து களைத்துக் கிடக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். முடிந்தவர்கள் வருகிறார்கள்.

இனி, எல்லாவற்றுக்கும் சிகரமான பாஸ்கு இரவு. பெத்லகேம் இரவுதான் ஏடு விழுந்து போய்விட்டது, இதையாவது படிப்போம் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அம்மையார் என்ன செய்துவிட்டார் தெரியுமா? நம் ஊரில் நடப்பது போலத்தான் இங்கேயும் என்று ஒரே வரியில் தாண்டிவிட்டார்! சகோதரிகளுக்குத் தெரிந்ததை எதற்குத் திருப்பி எழுதவேண்டும் என்ற எண்ணம். ஆயிரத்தறுநூறு வருஷம் கழித்து மூர் மார்க்கெட்டில் ஒருவன் காசு கொடுத்து வாங்குவான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஒன்று மட்டும் இந்த ஊருக்கே உரியது என்று சேர்த்திருக்கிறார். பெயர் பதிந்து, ஏழு வாரம் பாடம் கேட்டு, அன்று இரவு தண்ணீரில் இறங்கி ஏறியவர்களைப் புது வஸ்திரத்தோடு பிஷப் முதலில் கல்லறைக் கோயிலுக்கு அழைத்துக்கொண்டு போகிறார். அவர் கிராதிக்கு உள்ளே நிற்கிறார். ஒரு பாட்டு; அவர்களுக்காக ஒரு ஜெபம். பிறகு அவர்களையும் கூட்டிக்கொண்டு, ஜனங்கள் விழித்துக் காத்திருக்கும் பெரிய கோயிலுக்குத் திரும்பி வருகிறார்.